காமினியின் வலது தோள்

ஜெலுத்தோங், பினாங்கு
19 ஜூன் 2025

மதிப்பிற்குரிய டாக்டர் தேனப்பன் அவர்களுக்கு,

என் பெயர் சுகுமாரன். உங்களுக்கு என்னைத் தெரியாது. போன சனிக்கிழமை ஜார்ஜ் டவுன் ஓட்டலில் நீங்கள் முப்பது டாக்டர்களுக்கு அல்ட்ராசவுண்டு வகுப்பு எடுத்தீர்களே, அப்போது முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து தோளைக் காட்டிய பெண்ணின் அப்பா நான். கடைசி வரிசையில் ஏர்கோனுக்கு நேர் கீழே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். கோபத்தில் எனக்கு ஆங்கிலம் வராது. வகுப்பை ஏற்பாடு செய்த டாக்டர் ரூபினி, நீங்கள் கோயம்புத்தூர்க்காரர், தமிழிலேயே எழுதலாம் என்றார்.

என் மகள் காமினி ஈட்டி எறிகிறாள். மாநில அணி. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி தேசியப் பயிற்சி முகாமுக்கான தேர்வுப் போட்டி. நான்கு வருடமாக விடியற்காலை ஐந்தரைக்கு அவளை மோட்டாரில் திடலில் இறக்கிவிட்டு, பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் பிறை ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன். காயம் இல்லாத விளையாட்டுக்காரர் ஒருவர் வகுப்புக்கு வேண்டும் என்று டாக்டர் ரூபினி கேட்டதால் வந்தோம்.

அவள் தோளில் ஸ்கேன் கருவியின் புரோப்பை வைத்து நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இப்ப பாருங்க, கிழிஞ்ச மாதிரி தெரியும். கிழியலை. நான் புரோப்பைச் சாய்ச்சிருக்கேன், அவ்வளவுதான்." திரையில் வெள்ளையாக இருந்தது கறுப்பானது. நிமிர்த்தினீர்கள், வெள்ளையானது. எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்ட எனக்கே புரிந்தது. பாலத்தில் நெரிசல் என்று தாமதமாக உள்ளே வந்த ஒரு டாக்டருக்குத்தான் புரியவில்லை. அவர் வந்ததும் செய்த முதல் வேலை, நீங்கள் நிமிர்த்துவதற்கு முன் கறுப்பாக இருந்த அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்தது.

படத்தின் தலையில் என்ன இருக்கிறது தெரியுமா? KAMINI A/P SUKUMARAN. வலது தோள். தேதி. அடையாள அட்டையில் இருப்பது மாதிரி, அப்பன் பெயர் உட்பட. நீங்கள்தான் தட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை அது டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் மர்ஜானாவின் கைப்பேசிக்கு வந்தது. நேற்று அவர் காமினியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். தோள் கிழிந்த பிள்ளையை எறியவிட்டால் என்னைத் தொங்கவிடுவார்கள் என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு வேண்டியது ஒரு கடிதம். தோளில் ஒன்றுமில்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒன்றுமில்லை என்றுதானே சொன்னீர்கள்? அது உறுதிதானே?

இப்படிக்கு,
சுகுமாரன்


கோயம்புத்தூர்
21 ஜூன் 2025

அன்புள்ள திரு. சுகுமாரன்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் நடந்தது எதுவும் என்னால் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தசைநாண்மீது ஒலி அலை நேராகப் பட்டால் அது வெள்ளையாகத் தெரியும். கொஞ்சம் சாய்ந்து பட்டால் கறுத்துவிடும். கிழிசலும் கறுப்புதான். புதிதாகக் கற்கிற டாக்டர்கள் எல்லா ஊரிலும் செய்யும் முதல் தவறு, சாய்வைப் பார்த்துக் கிழிசல் என்பது. இந்தத் தவறால் எத்தனை நல்ல தோள்களைக் கத்தி வைத்துத் திறந்திருக்கிறார்கள் என்று சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது. அதனால்தான் பதினோரு வருடமாகக் காத்மாண்டு, கொழும்பு, பினாங்கு என்று அலைந்து இந்த ஒரு பாடத்தை நடத்துகிறேன். பள்ளம் இருக்கிறது என்று பலகை வைத்தவனையே பள்ளம் தோண்டியவன் என்று நீங்கள் பிடிக்கிறீர்கள்.

வகுப்பில் படம் எடுக்காதீர்கள் என்று காலையில் மூன்று முறை சொன்னேன். டாக்டர்கள் கேட்பார்களா? கையில் ஜெல் வழிய வழிய ஒருவர் கறி பஃப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நான் எதைச் சொல்லிக் கொடுப்பது?

பெயரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மற்ற ஆசிரியர்கள் 'மாடல் 1', 'மாடல் 2' என்று தட்டுவார்கள். நான் தட்டுவதில்லை. ஒரு மணி நேரம் சட்டையை விலக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பொம்மை இல்லை. பதிவுத்தாளைப் பார்த்து முழுப் பெயரையும் தட்டுகிறேன். அது என் மரியாதை.

கடிதம் தர முடியாது. வகுப்பில் காட்டுவது மருத்துவப் பரிசோதனை ஆகாது. அந்தப் படத்தை நீக்கும்படி குழுவுக்கு எழுதிவிட்டேன். டாக்டர் ரூபினி அங்கேயே இருக்கிறார், கெட்டிக்காரர். அவரிடம் தோளைக் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தேனப்பன்


ஜெலுத்தோங்
23 ஜூன் 2025

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் மரியாதைக்கு நன்றி. அதை இப்போது பினாங்கில் நாற்பது பேர் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் நீக்கச் சொன்ன பிறகுதான், என்ன நீக்கச் சொல்கிறார் என்று பார்க்காதவர்களும் திறந்து பார்த்தார்களாம்.

டாக்டர் ரூபினி தானாகவே கூப்பிட்டுத் தோளைப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஒரு தோளை எத்தனை பேர் பார்ப்பது? அதோடு, அவர் பார்த்துச் சொன்னாலும் தேர்வுக் குழு ஒத்துக்கொள்ளாது. ஆசிரியர் திரையில் கறுப்பு, மாணவி திரையில் வெள்ளை என்றால் யாரை நம்புவார்கள்? எம்.ஆர்.ஐ எடுங்கள் என்கிறார்கள். அரசு மருத்துவமனையில் செப்டம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஜூலையில் எறிய வேண்டிய பிள்ளைக்கு செப்டம்பரில் படம்.

வகுப்பில் காட்டுவது பரிசோதனை ஆகாது என்கிறீர்கள். நல்லது. அப்படியானால் என் மகளை அணியிலிருந்து எடுக்க மட்டும் அது எப்படிப் பரிசோதனை ஆனது? எடுப்பதற்கு ஆகும், சேர்ப்பதற்கு ஆகாதா?

வீட்டில் நான் ஒருவன்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். காமினி, "விடுங்கப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம் லா" என்கிறாள். நான்கு வருடம் வெயிலில் நின்றவள் பேசுகிற பேச்சா இது? மனசு விட்டுப்போயிருக்கிறது. அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். என்ன எழுதுவதாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். அவளுக்கு நேராக எழுத வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். அவளைக் குழப்பியது போதும்.

பெயரைத் தட்டிய கையால் இரண்டு வரி எழுத முடியாதா?

சுகுமாரன்


கோயம்புத்தூர்
25 ஜூன் 2025

திரு. சுகுமாரன் அவர்களுக்கு,

இதுவரை எனக்கு யாரும் இப்படி எழுதியதில்லை. என் மாணவர்கள் பயந்துகொண்டே எழுதுவார்கள். மருத்துவமனை நிர்வாகம் எழுதும்போதுகூட மூன்று முறை மன்னிப்புக் கேட்கும். உங்கள் கடிதத்தை என் மனைவி பொன்னம்மையிடம் காட்டினேன், என் பக்கம் பேசுவாள் என்று நினைத்து. படித்துவிட்டு, "பேரு போடுறது மரியாதைன்னா, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள். கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் யாரையுமே கேட்டதில்லை. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டேன்.

சரி. பெயரைத் தட்டியது என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

எடுப்பதற்கு ஆகும், சேர்ப்பதற்கு ஆகாதா என்று கேட்டீர்கள். எரிச்சலாக இருக்கிறது, ஆனால் கேள்வி நியாயமானது. நீங்கள் கேட்ட கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். மருத்துவமனைத் தாளில், என் பதிவு எண்ணோடு. படத்தில் உள்ள கறுப்பு, பாடம் நடத்துவதற்காக நான் புரோப்பைச் சாய்த்ததால் வந்தது, காமினியின் வலது தோள் தசைநாணில் கிழிசல் இல்லை, அவர் போட்டியில் பங்கேற்கத் தடையில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். தேர்வுக் குழுவில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடட்டும். இரண்டு மணி நேரம் விளக்குகிறேன். அடுத்து யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தேனப்பன்


ஜெலுத்தோங்
29 ஜூன் 2025

டாக்டர் அவர்களுக்கு,

கடிதம் வேலை செய்தது. உங்கள் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை எண்ணிவிட்டே தேர்வுக் குழு ஒத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். வியாழக்கிழமையிலிருந்து காமினி திடலுக்குப் போகிறாள். நேற்று நாற்பத்து மூன்று மீட்டர். மர்ஜானா என்னைப் பார்த்துக் கைகாட்டினார்.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனாலும் ஆத்திரம் முழுதாகத் தீரவில்லை. எட்டு நாள் பயிற்சி போனது போனதுதான். தாமதமாக வந்த அந்த டாக்டர், 'தவறாகப் புரிந்துகொண்டேன்' என்று டாக்டர்கள் குழுவில் ஒரு வரி போட்டாராம், கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அவருடைய ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கலாமா என்று பார்த்தேன். என் மனைவி ஜெயந்தி தடுத்துவிட்டாள்.

உங்கள் கடிதத்தைக் காமினிக்கும் ஜெயந்திக்கும் படித்துக் காட்டினேன். காமினி கேட்டுவிட்டு, "அவ்ளோ உறுதியாவா சொல்றாரு?" என்றாள். "பெரிய டாக்டர் லா, சும்மா எழுதுவாரா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பன்னிரண்டாம் தேதி முடிந்ததும் எழுதுகிறேன்.

சுகுமாரன்


கோயம்புத்தூர்
11 ஜூலை 2025, மாலை 4 மணி

திரு. சுகுமாரன்,

உங்கள் எண்ணுக்கு நான்கு முறை அழைத்தேன். வேலையில் இருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் இதைப் படித்துவிடுவீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

காமினி நாளை எறியக் கூடாது.

அடுத்த வாரம் கொழும்பில் வகுப்பு. அதற்காகப் பினாங்கில் பதிவு செய்த வீடியோவை இன்று மதியம் எடுத்தேன், முதல் வேலையாகப் பெயரை மறைத்துவிட்டுத்தான். புரோப்பைச் சாய்க்கிறேன், கறுக்கிறது. நிமிர்த்துகிறேன், வெளுக்கிறது. "போயிருச்சு பாத்தீங்களா" என்கிறது என் குரல். உடனே யாரோ சாப்பாடு வந்துவிட்டது என்கிறார்கள், நான் புரோப்பை எடுத்துவிடுகிறேன். ஆனால் எல்லாம் போகவில்லை. தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் ஓர் அரிசி அளவு கறுப்பு அப்படியே நிற்கிறது. நிமிர்த்திய பிறகும் நிற்கிறது. அங்குலம் அங்குலமாக ஓட்டிப் பார்த்தேன். அது என் சாய்வு இல்லை. பாதிக் கிழிசல். சாய்வைக் கிழிசல் என்று நினைக்காதே என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தவன், கிழிசலைச் சாய்வு என்று நினைத்துவிட்டேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்று நான் இந்த வீடியோவைத் திறக்கவேயில்லை. அது இருந்த பென்டிரைவ் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. உங்கள் நச்சரிப்புத் தாங்காமல் எழுதிக் கொடுத்தேன் என்று முதலில் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. முப்பது பேர் எதிரே ஒன்றைச் சொல்லிவிட்டேன், அது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்காக ஒரு பெண்ணின் தோளைப் பார்க்காமலே நல்ல தோள் என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

இந்த நிலையில் எறிந்தால் முழுதாகக் கிழியலாம். ஓய்வும் பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும், அடுத்த வருடம் எறியலாம். ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. பதிவுத்தாளில் 'வலி இல்லை' என்று இருந்தது. இந்த இடத்தில் இப்படி இருந்தால் கையைத் தூக்கும்போது வலிக்காமல் இருக்காது. அவரைக் கேளுங்கள்.

பயிற்சியாளரிடமோ ரூபினியிடமோ நான் எதுவும் சொல்லவில்லை. காமினியைக் கேட்காமல் ஒரு முறை அவர் தோளை ஊருக்குக் காட்டியாயிற்று, இன்னொரு முறை செய்ய மாட்டேன். உண்மையில் இந்தக் கடிதம் உங்களுக்கு இல்லை. அவருக்குப் பத்தொன்பது வயது, தோள் அவருடையது. நேராக எழுத வேண்டாம் என்றீர்கள், அவர் முகவரியும் என்னிடம் இல்லை. அதனால் உங்கள் கையில் கொடுக்கிறேன். இன்றே அவரிடம் காட்டுங்கள். எறிவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். அவர் சரி என்றதும் பழைய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகக் குழுவுக்கு எழுதுகிறேன்.

பதில் வரும்வரை கைப்பேசியைக் கையிலேயே வைத்திருப்பேன்.

தேனப்பன்


ஜெலுத்தோங்
18 ஜூலை 2025

டாக்டர் அவர்களுக்கு,

நீங்கள் மூன்று முறை எழுதியும் நான் பதில் போடவில்லை. கோபத்தில் இல்லை. கோபமாக இருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன், என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

பதிவுத்தாளில் 'வலி இல்லை' என்று குறித்தது நான். ஏப்ரலிலிருந்து அவளுக்குத் தோள் வலி. தைலம் தேய்த்துவிட்டேன், ஐஸ் வைத்தேன். பயிற்சியாளருக்குத் தெரிந்தால் உட்கார வைத்துவிடுவார், மாநில அணியில் அவள் இடத்துக்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அப்போதுதான் உங்கள் வகுப்புக்கு ஆள் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து பெரிய டாக்டர் வருகிறார், ஏதாவது இருந்தால் அவர் கண்ணில் படாமல் போகாது, யாருக்கும் தெரியாமல் நமக்கு மட்டும் தெரிந்துவிடும் என்று கூட்டிக்கொண்டு வந்தேன். காயம் இல்லாத ஆள் என்று சொல்லி உங்கள் முன்னால் உட்கார வைத்தேன். காயம் இல்லை என்று நம்பிய நீங்கள் எதைத் தேடுவீர்கள்? இதைச் சொல்லாமல்தான் இத்தனை நாள் உங்களிடம் சட்டம் பேசினேன். நீங்கள் "கிழியலை" என்றபோது கடைசி வரிசையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை. டாக்டர் ரூபினி பார்க்கிறேன் என்றபோது வேண்டாம் என்றது அதனால்தான்.

பதினோராம் தேதி மாலை வேலை முடிந்து ஃபிளாட் கீழே மோட்டாரை நிறுத்தியதும் உங்கள் கடிதத்தைப் படித்தேன். மேலே போனேன். காமினி பையில் ஸ்பைக் காலணியை வைத்துக்கொண்டிருந்தாள். என் சட்டைப்பையில் கைப்பேசி மறுபடி அடித்தது.

"யாருப்பா அது?"

"வேலையிடத்துல லா," என்றேன்.

சாப்பிட்டோம். எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். சொல்வதற்கு எத்தனையோ நேரம் இருந்தது. நாளை ஒரு நாள்தானே, இதுவரை தாங்கிய தோள் இன்னும் ஆறு எறி தாங்காதா என்று நினைத்தேன். உங்களைப் போல எனக்குச் சாப்பாடு வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நான் தெரிந்தே செய்தேன்.

மறுநாள் முதல் எறி நாற்பத்தொன்று. இரண்டாவது தவறு. மூன்றாவது நாற்பத்து நான்கு புள்ளி இரண்டு, அவள் வாழ்க்கையிலேயே அதிகம். திடலே கைதட்டியது. அவள் என்னிடம் வந்து தண்ணீர்ப் போத்தலை இடது கையால் வாங்கினாள். வலது கை தொங்கியது. தூக்கச் சொன்னேன். இடுப்புக்கு மேல் வரவில்லை. அப்போதுதான் கைப்பேசியை அவளிடம் நீட்டினேன்.

இரண்டு முறை படித்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"நேத்து."

"நேத்து எப்ப?"

"சாயங்காலம்."

என்னை ஒரு தடவை பார்த்தாள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தானே மர்ஜானாவிடம் நடந்து போய் விலகிக்கொள்வதாகச் சொன்னாள். மர்ஜானா தோள்மேல் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் ரூபினி ஸ்கேன் செய்தார். நீங்கள் எழுதியதைவிடப் பெரிய கிழிசல். அன்றைக்கு எறிந்ததால் பெரிதானதா, முதலிலேயே அவ்வளவு இருந்ததா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். திரும்பவும் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம், ஆறு வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

குழுவுக்கு எழுத வேண்டியதை எழுதுங்கள். காமினி சரி என்றுவிட்டாள். அந்த வீடியோவை உங்கள் வகுப்பில் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கும் சரியாம். நீங்கள் தவறவிட்ட இடத்தையும் காட்ட வேண்டுமாம். வலி இல்லை என்று குறித்தது யார் என்பதையும் டாக்டர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். சொல்லுங்கள்.

உங்களுக்கு நன்றி எழுதச் சொன்னாள். இது எதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. ஜெயந்தியிடம் சொன்னாள், "அப்பாகிட்ட சொல்லிடுங்கம்மா" என்று. டாக்டர் ரூபினியின் அறைக்கு வெளியே, நான் அதே நாற்காலி வரிசையில், அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சுகுமாரன்